சாலையில் கிடக்கும் ஆமை சொல்லும் கணக்கு

(நமது குடியிருப்போர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



போன மழைக்குப் பிறகு, நம் பின்கேட்டை ஒட்டிய ஏரிக்கரைச் சாலையில் ஓர் ஆமை நசுங்கிக் கிடந்ததை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். நானும் பார்த்தேன். வண்டியைக் கொஞ்சம் ஒதுக்கி ஓட்டிக்கொண்டு போய்விட்டேன். மாலைக்குள் அது குப்பை வண்டியில் ஏறிவிட்டது. பல வருடம் விலங்கியல் பாடம் நடத்தியவன் அப்படிப் போயிருக்கக் கூடாது. அந்த உறுத்தல்தான் இன்று பேச வைக்கிறது.

செத்த ஆமையால் என்ன பயன் என்று கேட்பீர்கள். ஆமை மிக மெதுவாக வளரும். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் பிளாண்டிங் ஆமைகளைப் பல பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். முட்டையிடும் பருவத்துக்கு வரவே 14 முதல் 20 வருடம் ஆகிறதாம். ஒரு தாய் ஆமை டயரில் சிக்கினால், அந்த இடத்துக்கு இன்னொன்று வர அத்தனை வருடம் காத்திருக்க வேண்டும். அதனால்தான் எந்த வயதில் எவ்வளவு வளர்கிறது என்ற கணக்கு முக்கியம்.

பல ஆமைகளின் ஓட்டில் வளர்ச்சி வளையங்கள் இருக்கும். வயதாக ஆக அவை தேய்ந்துவிடும். நம் ஏரிகளில் இருக்கும் பாலாமைக்கு அந்த வளையமும் கிடையாது. அதன் ஓட்டின் மேல் இருப்பது தோல். மிச்சம் எலும்புதான். கால் எலும்பை மெல்லியதாகச் சீவி நுண்ணோக்கியில் பார்த்தால், வளர்ச்சி நின்ற காலங்கள் கோடு கோடாகத் தெரியும். இதற்காக உயிருள்ள ஆமையைக் கொல்வது நியாயமில்லை. ஏற்கெனவே அடிபட்டுச் செத்ததைச் சேகரித்தால் போதும்.

நியூஜெர்சியில் ஸ்டோன் ஹார்பர் என்ற கடலோர ஊர். அங்குள்ள வெட்லண்ட்ஸ் இன்ஸ்டிட்யூட் 1989 முதல், முட்டையிட மேட்டு நிலம் தேடிச் சாலைக்கு வரும் டெரபின் ஆமைகளுக்காக ரோந்து போகிறது. செத்த தாயின் வயிற்றில் உடையாமல் இருக்கும் முட்டைகளை எடுத்துப் பொரிக்க வைத்து, குஞ்சுகளை வளர்த்துச் சதுப்பு நிலத்தில் விடுகிறார்கள்.

நாம் என்ன செய்யலாம்?

செத்த ஆமையை வீட்டுக்கு எடுத்து வராதீர்கள். பாலாமை, 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. ஓட்டை அலங்காரத்துக்கு வைத்திருப்பதும் குற்றம். அனுமதி பெற்ற ஆய்வாளர்கள்தான் சேகரிக்கலாம். நீங்கள் வண்டியை ஓரம் கட்டி, பக்கத்தில் ஒரு பத்து ரூபாய் நாணயத்தை வைத்துப் படம் எடுங்கள். நாணயத்தின் விட்டம் 27 மில்லிமீட்டர். அதை வைத்து ஆமையின் அளவு தெரிந்துவிடும். தேதி, இடம் எழுதி நம் சங்கத்துக் குழுவில் போடுங்கள். வனத்துறைக்கு நாங்கள் அனுப்புகிறோம்.

உயிரோடு இருந்தால், அது எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கமே கொண்டுபோய் விடுங்கள். வேறு ஏரிக்குக் கொண்டுபோக வேண்டாம்.

அந்தச் சாலையில் வேகத்தடை கேட்டு எழுதிய மனு செக்யூரிட்டி அறையில் இருக்கிறது. முதல் கையெழுத்து என்னுடையது. அடுத்த மழைக்கு முன்னால் உங்கள் கையெழுத்தும் வேண்டும்.