தூசியின் குற்றம்



முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆசிரியப் பணி புரிந்தவன் நான். பிள்ளைகள் கூறும் சாக்குப்போக்குகளைக் கேட்டுக் கேட்டுப் பழகிய செவிகள் என்னுடையவை. ஆதலின், ஒரு மாணவன் உண்மையையே உரைத்தபோதும் அஃது எனக்குச் சாக்காகவே பட்டது. அந்தப் பிழையை உங்கள் முன் ஒப்புக்கொண்டு, அதனால் நான் கற்ற பாடத்தையும் இன்று கூற விரும்புகிறேன்.

நான் தலைமையாசிரியனாக இருந்த இறுதி ஆண்டுகளில், பன்னிரண்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் தன் கட்டுரையை உரிய நாளில் ஒப்படைக்கவில்லை. காரணம் வினவினேன். "ஐயா, எழுதிக்கொண்டிருக்கும்போதே மடிக்கணினி தானாக அணைந்துவிடுகிறது" என்றான். "பொய்க்கும் ஒரு பொருத்தம் வேண்டும், தம்பி" என்று கடிந்து, மதிப்பெண்ணைக் குறைக்கச் செய்தேன். அவன் எதிர்வாதம் செய்யவில்லை. மறுநாள் அந்தக் கருவியையே கொணர்ந்து என் மேசைமீது வைத்துவிட்டு, கைகட்டி நின்றான். அண்ணன் பயன்படுத்திய பழைய கணினி அது. வேறொன்று வாங்க வீட்டில் வசதியில்லை.

அதனை இயக்கிப் பார்த்தோம். பத்து நிமிடத்தில் விசிறி இரைந்தது. அடிப்புறம் கைவைக்க இயலாதவாறு சுட்டது. இருபதாம் நிமிடத்தில் திரை இருண்டது. பையன் சொன்னது மெய்!

காரணம் யாது? கணினியின் மூளையாகிய செயலி, தான் பெறும் மின்னாற்றல் அனைத்தையும் ஏறத்தாழ வெப்பமாகவே வெளிவிடுகிறது. அவ்வெப்பத்தை வெளியேற்ற அதன்மேல் ஒரு செப்புக் குழாய் பொருத்தப்பட்டிருக்கும். 1963-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வுக்கூடத்தில் ஜார்ஜ் குரோவர் என்பார் செய்துகாட்டிய வெப்பக் குழாயின் வழிவந்தது அது. குழாயினுள் சிறிதளவு நீர் குறைந்த அழுத்தத்தில் அடைக்கப்பட்டிருக்கும். செயலியின் சூட்டில் அந்நீர் ஆவியாகி மறுமுனைக்குச் செல்லும். அங்கே வெப்பத்தை இழந்து மீண்டும் நீராகி, உட்சுவரின் நுண்ணிய இழைகள் வழியே திரும்பும். மறுமுனையில் சீப்பின் பற்களைப்போல் மெல்லிய உலோகத் தகடுகள் நெருங்கி நிற்கும். விசிறி அவற்றினூடே காற்றைச் செலுத்தி வெப்பத்தை வெளியே தள்ளும்.

அந்தத் தகடுகளின் இடைவெளியோ மிகக் குறுகியது. காற்றோடு வரும் தூசியும் நூலிழையும் அங்கேதான் தங்கும். வழி அடைபட்டால் விசிறி எவ்வளவு சுழன்றும் பயனில்லை. வெப்பம் ஏறத்தாழ 95 அல்லது 100 டிகிரி செல்சியஸை எட்டும்போது, செயலி தன்னைக் காத்துக்கொள்ளத் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதற்கும் மேற்பட்டால் கணினியே அணைந்துவிடும்.

எங்கள் கணினி ஆசிரியர் அதனைத் திறக்க முற்பட்டார். முதலில் மின்னிணைப்பை நீக்கிக் கணினியை முற்றும் அணைத்தார். திருகாணிகளைக் கழற்றி, எது எவ்விடத்தது என்று தாளில் குறித்து அடுக்கினார். உடலில் தேங்கும் நிலைமின்சாரம் நுண்ணிய உறுப்புகளைக் கெடுக்குமாதலால், ஓர் உலோகப் பொருளைத் தொட்டு அதனைப் போக்கிக்கொண்டார். மூடியைத் திறந்தவுடன் பேட்டரியின் இணைப்பைப் பிரித்தார். பின்னர் விசிறியை எடுத்தபோது, தகடுகளின் முகப்பில் கம்பளித் துண்டைப்போல் சாம்பல்நிறப் படலம் ஒன்று ஒட்டியிருந்தது! அதனைக் கண்ட பையன், "எங்கள் தறிப் பஞ்சு, ஐயா" என்றான். விசைத்தறிக்கு அருகில் அமர்ந்துதான் அவன் இரவெல்லாம் படித்திருக்கிறான்.

அப்படலத்தை அவர் இடுக்கியால் எடுத்தார். எஞ்சியதை மென்மையான தூரிகையாலும், குப்பியிலிருந்து விட்டுவிட்டுப் பீய்ச்சிய காற்றாலும் நீக்கினார். காற்றைச் செலுத்தும்போது விசிறி சுழலாதவாறு விரலால் பிடித்துக்கொண்டார். மிகை வேகத்தில் சுழன்றால் அதன் அச்சு பழுதாகும். ஈரத்துணியை அணுகவே விடவில்லை. வெப்பக் குழாயையும் அவர் அசைக்கவில்லை. அதனைக் கழற்றினால், செயலிக்கும் அதற்கும் இடையிலுள்ள வெப்பப் பசையைப் புதிதாக இட வேண்டும்.

மூடியபின் வெப்பத்தை அளந்தோம். முன்னர் 96 டிகிரி காட்டிய கருவி இப்போது 71 காட்டியது. ஒரு மணி நேரம் இயங்கியும் அணையவில்லை. செலவு ஒரு ரூபாயும் இல்லை.

மாணவர்களே, நீங்கள் இதனைச் செய்ய விரும்பினால், பழகியவர் ஒருவரை அருகில் வைத்துக்கொள்ளுங்கள். உத்தரவாதக் காலம் முடியவில்லையெனில் திறவாதீர்கள். பேட்டரி உப்பியிருப்பின் தொடாதீர்கள். மெத்தைமீதும் தலையணைமீதும் கணினியை வைத்து, அது மூச்சுவிடும் துளைகளை அடைக்காதீர்கள்.

அன்று மாலை அம்மாணவனை அழைத்து, வகுப்பின் முன்னிலையிலேயே, "தவறு என்னுடையது, தம்பி" என்றேன். மதிப்பெண்ணும் திரும்ப வழங்கப்பட்டது. அவனோ, "பரவாயில்லை, ஐயா, எங்கள் வீட்டில் யாருமே நம்பவில்லை" என்றான். அச்சொல் இன்றும் என்னைச் சுடுகிறது.

பொறி பழுதாயின் அதனை எறிவதும், பிள்ளை பிழைசெய்யின் அவனைப் பழிப்பதும் எளிது. திறந்து பார்ப்பதே அரிது. நான் திறந்து பார்க்காமல் தீர்ப்புக் கூறினேன். நீங்கள் அவ்வாறு செய்யாதிருப்பீர்களாக.