ஆங்கில அரிச்சுவடியும் நமது கடமையும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய பேச்சு)



இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள் மிகச் சிறியது. ஆங்கில நெடுங்கணக்கின் 26 எழுத்துக்களை, அவற்றைச் சற்றும் அறியாத ஒருவருக்கு எவ்வாறு கற்பிப்பது என்பதே அது. "பேசுவதற்கு எத்தனையோ பெரிய விஷயங்கள் இருக்க, ஏ, பீ, சீ பற்றியா ஒரு பேச்சு?" என்று எவரேனும் எண்ணக்கூடும். ஆயினும், அத்திவாரம் பிழைத்த வீட்டுக்கு ஓடு மாற்றுவதால் பயனில்லை. சர்வகலாசாலைக்கு வந்த பின்னரும், ஆங்கிலம் என்றவுடன் தலைகுனிந்து கடைசி வாங்கில் ஒதுங்கும் நண்பர்களை நாம் கண்டிருக்கிறோம். சிங்கள மாணவர் ஆங்கிலத்தைக் 'கடுவ' என்பர். வாள் என்பது அதன் பொருள். வைத்திருப்பவனுக்கு அது கருவி. இல்லாதவனை வெட்டி வீழ்த்துவதும் அதுவே. நமது நண்பர்களுக்கு அறிவிற் குறைவில்லை. முதற் படியில் எவரும் அவர்களைக் கைப்பிடித்து ஏற்றவில்லை என்பதே குறை.

முதற்படிக் கல்வியை இழிவாகக் கருதும் வழக்கம் நம் முன்னோருக்கு இருந்ததில்லை. ஸ்ரீலஸ்ரீ ஆறுமுக நாவலர் அவர்கள் யாழ்ப்பாணத்து மெதடிஸ்த மிஷன் பாடசாலையில் ஆங்கிலம் கற்றவர். 1848 ஆம் ஆண்டில் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். பெரியபுராணத்தை வசனமாக எழுதிய அதே கையினாற் சிறுவர்களுக்குப் பாலபாடமும் எழுதினார். பின்னர், 1872 இல், சைவப் பிள்ளைகளுக்கென ஓர் ஆங்கிலப் பாடசாலையையும் தொடங்கினார். பொருள் முட்டினால் அது நீடிக்கவில்லை. தமிழையும் சைவத்தையும் உயிரெனப் போற்றிய அவரே ஆங்கில எழுத்தைப் பகையாகக் கருதவில்லை என்பதைப் பெரியோர்கள் மனங்கொள்வார்களாக.

இனி, கற்பிக்கும் முறைக்கு வருவோம்.

முதலாவது: எழுத்தின் பெயர் வேறு, ஒலி வேறு. தமிழிலே ககரத்தைக் காட்டி 'க' என்றால், சொல்லின் முதலில் வரும்போதும் அது 'க' தான். ஆங்கிலத்தில் அவ்வாறன்று. 'எச்' என்னும் பெயருக்குள் அதன் ஒலியே இல்லை. 'டபிள்யூ' என்னும் பெயருக்குள்ளும் இல்லை. 'சீ, ஏ, ரீ' என்று நூறு முறை சொன்னாலும் பூனையைக் குறிக்கும் 'கற்' என்னும் சொல் வாயில் வராது. நாம் ஒரு மிஷன் பாடசாலையிற் படித்தவர். அங்கே எழுத்துக்களின் பெயரைப் பாட்டாகப் பாடுவித்தார்கள். பாட்டு இனிமையானது, எழுத்துக்களின் வரிசை மனத்திற் பதிவதற்கும் அகராதி பார்ப்பதற்கும் உதவும். ஆனால் வாசிப்புக்கு வேண்டியது ஒலி. இவ்விடத்தில் நமது புள்ளி பெரிதும் உதவுகின்றது. 'எம்' என்னும் எழுத்தைக் காட்டி 'ம்' என்றும், 'எஸ்' என்னும் எழுத்தைக் காட்டி 'ஸ்' என்றும் சொல்லிக்கொடுத்தால், மெய்யெழுத்தை முன்னரே அறிந்த தமிழ்ப் பிள்ளை உடனே பற்றிக்கொள்ளும்.

இரண்டாவது: 26 எழுத்தையும் முடித்த பின்னரே சொல் என்று காத்திருத்தல் வேண்டா. 'எஸ், ஏ, ரீ, பீ, ஐ, என்' என்னும் ஆறு எழுத்துக்களை முதலிற் கற்பிக்கும் முறை இங்கிலாந்திலே பரவலாக உள்ளது. இவ்வாறும் அறிந்தவர், இருத்தலைக் குறிக்கும் 'சிற்', குண்டூசியாகிய 'பின்', தகரமாகிய 'ரின்', எறும்பாகிய 'அன்ற்' என இருபதுக்கு மேற்பட்ட சொற்களை வாசித்துவிடலாம். முதல் வாரத்திலேயே ஒரு சொல்லைத் தாமாக வாசித்தவர் இரண்டாம் வாரமும் வகுப்புக்கு வருவார். ஒரு மாதம் முழுவதும் எழுத்தை மட்டும் உருப்போட்டவர் வருவது ஐயமே.

மூன்றாவது: எழுதும் பயிற்சி. பெரிய எழுத்து 26, சிறிய எழுத்து 26, ஆக 52 வடிவங்கள் உள. புத்தகத்திலே பெரும்பாலும் வருவன சிறிய எழுத்துக்களாதலின், அவற்றையே முதலிற் பழக்குதல் நன்று. அவற்றையும் அகர வரிசையிலன்றி, கை ஓடும் முறைப்படி பிரித்துக்கொள்ளலாம். சிறிய 'சீ, ஓ, ஏ, டீ, ஜீ, கியூ' ஆகியவை யாவும் இடப்புறமாக வளையும் ஒரே சுழியில் தொடங்குவன. நான்கு கோட்டுக் கொப்பியில் இச்சுழியை நன்கு பழகியவருக்கு ஆறு எழுத்தும் எளிதாகும்.

சிறிய எழுத்திலே, இரண்டாம் எழுத்தும் நான்காம் எழுத்தும் கண்ணாடியிற் பார்த்தாற்போல இடம் வலமாக மாறி நிற்பன. பிள்ளைகள் இவற்றை மாற்றி எழுதினால் அது மந்தபுத்தியன்று. ஒரு செம்பை எப்பக்கம் திருப்பினாலும் அது செம்புதான் என்றே பிள்ளை உலகத்தைக் கற்றிருக்கிறது. பக்கம் மாறினாற் பொருளும் மாறும் என்பது எழுத்துலகில் மட்டும் உள்ள புதிய சட்டம். இதற்கு ஓர் உபாயம் உண்டு. இரு கைகளையும் பொத்திப் பெருவிரல்களை நிமிர்த்தி, முட்டிகளை ஒன்றோடொன்று சேர்த்துப் பிடித்தால் ஒரு கட்டிலின் வடிவம் தோன்றும். கட்டிலுக்கு ஆங்கிலத்தில் 'பெட்'. இடக்கை அச்சொல்லின் முதலெழுத்து, வலக்கை கடையெழுத்து.

நான்காவது: தமிழ்ச் செவிக்கு வரும் இடர்ப்பாடுகள். இரண்டாம் எழுத்தையும் பதினாறாம் எழுத்தையும் நாம் தமிழிலே 'பீ' என்றே எழுதுகிறோம். ஆகவே இவ்வொலிகள் நமக்கு வாரா என்று சிலர் சொல்வர். 'பம்பரம்' என்று சொல்லிப் பாருங்கள். முதற் பகரமும் மகரத்துக்குப் பின்வரும் பகரமும் ஒலியில் ஒன்றல்ல. முன்னது பதினாறாம் எழுத்து, பின்னது இரண்டாம் எழுத்து. 'சங்கம்' என்னும்போது 'ஜீ' யின் ஒலியும், 'காகம்' என்னும்போது ஏறக்குறைய 'எச்' சின் ஒலியும் நம் வாயில் பிறக்கின்றன. ஒலிகள் நம்மிடம் உண்டு. அவற்றை வேறுபடுத்திக் கேட்கும் பழக்கமே வேண்டியது. குறில் நெடில் அறிந்த நமக்குக் கப்பலாகிய 'ஷிப்' பையும் செம்மறியாடாகிய 'ஷீப்' பையும் பிரித்தறிதல் எளிது. மெய் தனித்து மொழிக்கு முதலாகாது என்பது நமது இலக்கணமாதலின், 'ஸ்கூல்' என்பது நம் நாவில் 'இஸ்கூல்' ஆகின்றது. இதற்கு நகைத்தல் தகாது. காரணத்தைச் சொல்லித் திருத்துதலே தகும்.

ஐந்தாவது: "எழுதுவது ஒன்று, வாசிப்பது ஒன்றா?" என்னும் கேள்வி. ஆங்கிலத்தில் ஏறக்குறைய 44 ஒலிகளுக்கு 26 எழுத்துக்களே உள்ளன. அன்றியும், 1476 இல் கக்ஸ்ரன் என்பார் இங்கிலாந்தில் அச்சியந்திரம் நிறுவிய காலந்தொட்டு எழுத்து வழக்கு மெல்ல மெல்ல நிலைபெற, பேச்சொலியோ மாறிக்கொண்டே போயிற்று. போர்வீரனாகிய 'நைற்' என்னும் சொல்லின் முதலில் நிற்கும் 'கே' ஒருகாலத்தில் ஒலிக்கப்பட்டதே. இன்று அது ஊமையாய் நிற்கிறது. இவ்வரலாற்றை இரண்டு வாக்கியத்திற் சொன்னால், கற்பவர் தம்மை மூடர் என்று எண்ணமாட்டார். ஒழுங்கும் இல்லாமலில்லை. 'பின்' என்னும் சொல்லின் ஈற்றில் 'ஈ' என்னும் எழுத்தைச் சேர்த்தால், அது தான் ஒலியாது, முன்னுள்ள உயிரை மாற்றிப் 'பைன்' என்னும் மரத்தின் பெயராக்கும். இத்தகைய விதிகளை ஒவ்வொன்றாகக் காட்டலாம்.

இவ்வளவும் சிறுவர்க்கு மட்டும் உரியதன்று. தமிழைத் தெளிவாக வாசிக்கும் நம் தாய்மார் பலர், மருந்துப் பெட்டியின் மேலுள்ள பெயரை வாசிக்க அயல்வீட்டுப் பிள்ளையைத் தேடுகின்றனர். பிறப்புச் சாட்சிப் பத்திரத்தில் ஒருவிதமாகவும் கடவுச்சீட்டில் வேறுவிதமாகவும் பெயர் எழுதப்பட்டு அலைக்கழிந்தோர் எத்தனை பேர்! எனவே, முதியோருக்குத் தொடக்கப் பாடம் அவரவர் பெயராகவே இருக்கட்டும். தம் பெயரைத் தாமே ஆங்கில எழுத்தில் எழுதத் தெரிந்தவர், பிறர் அதனைத் தவறாக எழுதும்போது தடுத்துக் கேட்பார். அடுத்து ஊர்ப் பெயர், பஸ்ஸின் நெற்றிப் பலகை, மருந்தின் பெயர் என்று செல்லலாம். 'மாங்கோ', 'கற்றமரான்' என்னும் ஆங்கிலச் சொற்கள் நமது மாங்காயிலிருந்தும் கட்டுமரத்திலிருந்தும் போனவை என்று சொல்லிக்கொடுத்தால், அந்நியம் என்ற அச்சமும் சற்றுக் குறையும். கைத்தொலைபேசியிலே தமிழை ஆங்கில எழுத்தால் எழுதும் இளைஞருக்கோ பாதிப் பாடம் ஏற்கெனவே தெரியும். மீதியைத் தெரிந்தவர் சொல்லிக்கொடுத்தாற் போதும்.

அன்பர்களே, நமது சங்க மண்டபம் வாரத்தில் ஐந்து நாள் மாலையில் பூட்டியே கிடக்கிறது. இரண்டு மாலைகள், ஒவ்வொரு மணித்தியாலம், ஒரு கரும்பலகை, சில கொப்பிகள்: இவ்வளவே வேண்டும். பணம் அறவிடக்கூடாது. தமிழிலேயே விளக்க வேண்டும். பிழைவிட்டவரைப் பார்த்து ஒருவரும் சிரிக்கலாகாது. இந்த மூன்றாவது விதியே முதன்மையானது. பெரியோர்கள் சாவியைத் தந்துதவுவார்களாயின், இளைஞர்களாகிய நாம் முறைவைத்துக் கற்பிக்க ஆயத்தமாயிருக்கிறோம். விஜயதசமியன்று அரிசியிலே விரல் பிடித்து அகரம் எழுதுவித்த கைகளுக்கு நாம் கடன்பட்டவர்கள். அக்கடனைத் திருப்பிச் செலுத்தும் வழி, இன்னொருவர் விரலைப் பிடிப்பதே.