வெள்ளி எங்கிருந்து வருகிறது?

(நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் பேசியது)



போன கூட்டம் முடிந்து கிளம்பும்போது மூன்றாவது மாடி அம்மா ஒருவர் கேட்டார்: "ஏனுங்க, வெள்ளி இந்த ஏறு ஏறுதே, சுரங்கத்துல இன்னும் கொஞ்சம் அதிகமா வெட்டுனா விலை இறங்கிடாதுங்களா?" நல்ல கேள்வி. வங்கியில் கணக்கு எழுதியவன் என்பதால் எண்களோடு பதில் சொல்கிறேன்.

உலகச் சுரங்கங்களில் வருஷத்துக்குச் சுமார் 25,000 டன் வெள்ளி கிடைக்கிறது. மெக்சிகோ முதலிடம், சீனாவும் பெருவும் அடுத்து. ஆனால் இதில் ஏறத்தாழ 70 சதவீதம் ஈயம், துத்தநாகம், செம்பு, தங்கம் எடுக்கும்போது கூடவே கிடைப்பது. காங்கேயத்தில் தேங்காய் எண்ணெய் ஆட்டும்போது புண்ணாக்கு கிடைக்கிற மாதிரி. புண்ணாக்கு விலை ஏறிவிட்டது என்று யாரும் கூடுதலாக எண்ணெய் ஆட்டுவதில்லை.

நம் நாட்டிலும் அதே கதைதான். ராஜஸ்தானில் ஹிந்துஸ்தான் ஜிங்க் நிறுவனம் ஈய, துத்தநாகத் தாதுவோடு சேர்த்து வருஷத்துக்குச் சுமார் 700 டன் வெள்ளி எடுக்கிறது. ராஜ்சமந்த் மாவட்டத்துச் சிந்தேசர் குர்த் சுரங்கம் இதில் முக்கியமானது. ஆனால் 2024-ல் நாம் இறக்குமதி செய்தது 7,000 டன்னுக்கும் மேல்! சேலத்துக் கொலுசு என்று ஆசையாக வாங்கினாலும், அதிலுள்ள வெள்ளி பெரும்பாலும் கடல் தாண்டி வந்ததுதான். டாலர் ஏறினால் கொலுசும் ஏறும்.

நம் மொட்டை மாடி சோலார் பேனலுக்குள்ளும் வெள்ளி இருக்கிறது. தேவை கூடினால், வரத்து சட்டென்று கூடாததால் விலை வேகமாக ஏறும். வாங்குகிறவர்கள் பின்வாங்கினால் அதே வேகத்தில் விழும்.

பட்டவன் சொல்கிறேன். 2011 ஏப்ரலில் கிலோ 70,000 ரூபாயைத் தாண்டியபோது, இன்னும் ஏறும் என்று அரைக் கிலோ பார் வெள்ளி வாங்கினேன். மே மாதத்துக்குள் கால் பங்குக்கு மேல் போய்விட்டது. போட்ட காசைப் பார்க்க 2020 வரை காத்திருந்தேன். வீட்டில் இன்றும் சொல்லிக் காட்டுகிறார்கள்.

இன்னொன்று. 2026 ஏப்ரல் 1 முதலான ரிசர்வ் வங்கி விதிப்படி, வெள்ளி நகைக்கும் நாணயத்துக்கும் கடன் கிடைக்கும். பார் வெள்ளிக்குக் கிடையாது.

பேத்திக்குக் கொலுசு வேண்டுமா, தாராளமாக வாங்குங்கள். விலை ஏறுகிறதே என்று டெபாசிட்டை மட்டும் உடைத்துவிடாதீர்கள்.