மாடல் எதை விட்டுவிடுகிறது?
(நமது சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



அறிவியல் கண்காட்சி என்று பள்ளியிலிருந்து வாட்ஸ்அப் செய்தி வந்ததும், நம்மில் பலர் நேராக ஸ்டேஷனரி கடைக்குப் போகிறோம். எரிமலை, இதயம், சூரியக் குடும்பம் எல்லாம் தெர்மாகோலில் தயாராகவே கிடைக்கின்றன. பிள்ளை அதைத் தூக்கிக்கொண்டு போகிறது, சான்றிதழோடு வருகிறது. அதனிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: "இந்த மாடலில் எது நிஜம் இல்லை?"

சூரியக் குடும்பத்தையே எடுத்துக்கொள்வோம். சூரியனை 11 சென்டிமீட்டர் பந்தாக வைத்தால், பூமி 1 மில்லிமீட்டர்தான். நம்ம ஊர் கேழ்வரகு ஒன்றை வைத்துக்கொள்ளலாம். அதைப் பந்திலிருந்து சுமார் 12 மீட்டர் தள்ளி வைக்க வேண்டும். நெப்டியூனை வைக்க 350 மீட்டருக்கு மேல் நடக்க வேண்டும், அதாவது நம் கேட்டையும் தாண்டி! கடையில் வாங்கிய மாடலில் எல்லாம் ஒரே பலகைக்குள் அடங்கிவிடுகின்றன. அது குற்றமில்லை. ஆனால் அது சொல்லும் பொய் எதுவென்று பிள்ளைக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இன்னொன்று, நம் வீட்டு வாசலில் இருப்பது. ஓசூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரம், கிருஷ்ணகிரி சுமார் 500. இடையில் ஏறக்குறைய 50 கிலோமீட்டர். கிலோமீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர் என்று அட்டையில் செய்தால், அரை மீட்டர் நீளத்துக்கு 4 மில்லிமீட்டர் சரிவுதான் வரும். கண்ணுக்கே தெரியாது. அதனால் உயரத்தை மட்டும் பத்து மடங்கு கூட்டிச் செய்வார்கள். "ஏன் கூட்டினோம்?" என்று பிள்ளை சொல்லத் தெரிந்துகொண்டால், அளவுத்திட்டம் என்ற பாடம் அங்கேயே முடிந்துவிடும்.

இப்போது ஆற்றுக்கு வருகிறேன். கெலவரப்பள்ளி அணையிலிருந்து தண்ணீர் திறக்கும்போது வெள்ளை நுரை மலை மாதிரி கிளம்புவதை நாம் எல்லோரும் செல்போனில் படம் எடுத்திருக்கிறோம். பிள்ளைகள் அதைப் பற்றிக் கேட்டால், தமிழ்நாடு வரைபடத்தைக் காட்டிப் பயனில்லை. அதில் ஓசூருக்கு வடக்கே வெறும் வெள்ளைத் தாள்தான். தென்பெண்ணை நந்தி மலையில் பிறக்கிறது. பெங்களூரின் கிழக்குப் பகுதிக் கழிவுநீர் பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகள் வழியாக அதில் சேர்கிறது. அதன் பிறகுதான் நம்மிடம் வருகிறது. மாநில எல்லை தாளில் உண்டு, தண்ணீருக்கு இல்லை. இரண்டு மாநிலத்தையும் சேர்த்து ஒரே தாளில் பிள்ளையே ஆற்றை வரையட்டும். நுரையின் காரணம் அந்த வெள்ளை இடத்தில் இருப்பதை அது தானே கண்டுபிடிக்கும்.

கூடவே ஒரு சோதனை. இரண்டு பாட்டில் தண்ணீர், ஒன்றில் மட்டும் பாத்திரம் கழுவும் சோப்பு சில சொட்டு. இரண்டையும் மேலிருந்து வாளியில் ஊற்றச் சொல்லுங்கள். சோப்பு பரப்பு இழுவிசையைக் குறைக்கிறது. விழும் தண்ணீரில் சிக்கிய காற்று உடனே உடையாமல் நுரையாக நிற்கிறது. அணையில் நடப்பதும் இதுதான். ஆனால் ஆற்றில் உள்ள ரசாயனம், சாக்கடை எல்லாம் அந்த வாளியில் இல்லை. இதையும் பிள்ளையிடம் சொல்லிவிடுங்கள்.

நம் ஊரில் இதற்கு இன்னொரு பயன் உண்டு. இங்கே பாதி வீடுகளில் தெலுங்கு, இல்லையென்றால் கன்னடம். வகுப்பில் தமிழ் அல்லது ஆங்கிலம். பாடத்தின் வார்த்தையில் தடுமாறும் பிள்ளை, படத்தில் விரலை வைத்துச் சரியாகக் காட்டிவிடும். அதற்குத் தெரியவில்லை என்று நினைத்துவிடுகிறோம், மொழிதான் வரவில்லை.

சிப்காட்டில் வேலை பார்ப்பவர்களே, தினமும் டிராயிங் பார்த்துத்தான் நீங்கள் பொருள் செய்கிறீர்கள். மேலிருந்து பார்த்தால் எப்படி, பக்கத்திலிருந்து பார்த்தால் எப்படி என்று உங்களை விட யார் நன்றாகச் சொல்லித்தர முடியும்? டியூஷனுக்குக் கொடுக்கும் பணத்தை விட இந்த அரை மணி நேரம் பெரிது என்பது என் கருத்து.

கூரியர் பெட்டிகள் நம் குப்பைத் தொட்டி பக்கத்தில் குவிந்து கிடக்கின்றன. அவற்றைத் தூக்கிப் போடாமல் கிளப் ஹவுசில் வையுங்கள். ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரி அணை வரை ஆற்றோடு சேர்த்து ஒரு சரிவு மாடலைப் பிள்ளைகளே வெட்டி ஒட்டட்டும். கத்தரிக்கோல், பசை அவரவர் வீட்டிலிருந்து. பெரியவர்கள் பக்கத்தில் உட்காரலாம், கையை மட்டும் நீட்டக் கூடாது.