சமுத்திரமும் தோட்டத்து லயமும்



பதுளைக்குச் செல்லும் புகையிரதத்தில் ஒருமுறையேனும் பயணம் செய்தவர்கள் தெமோதரையை மறந்திருக்க மாட்டார்கள். அங்கே புகையிரதப் பாதை நிலையத்தை விட்டு நீங்கி, ஒரு குன்றை வலம் வந்து, தாழ இறங்கி, அந்த நிலையத்துக்கு அடியிலேயே குடைந்துள்ள சுரங்கத்தினூடாக வெளியேறுகிறது. சற்று முன் நாம் நின்றிருந்த இடம் இப்போது நம் தலைக்கு மேலே இருக்கிறது. 1924ஆம் ஆண்டு பதுளையை எட்டிய இப்பாதையில் இதனை ஓர் அதிசயமாகவே மக்கள் பார்த்து வருகின்றனர்.

இதே மலையில் இதனிலும் பெரிய வளையம் ஒன்று உண்டு. அது நீரின் வளையம். தெமோதரைப் பக்கத்து ஓடைகளின் நீர் பதுளு ஓயாவிற் சேர்ந்து, துன்ஹிந்தையில் அருவியாக வீழ்ந்து, மகாவலியிற் கலந்து, திருகோணமலைக்குத் தெற்கே கொட்டியாரக் குடாவில் கடலை அடைகிறது. கடலில் ஆவியான நீரோ காற்றேறி, முகிலாகி, மீண்டும் இம்மலைக்கே வந்து மழையாகப் பொழிகிறது. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 3,000 அடி உயரத்தில் வாழும் தோட்டத் தொழிலாளி தம் ஆயுளில் கடலைக் காணாமலே இருந்திருக்கலாம். ஆனால் கடல் அவரைக் காணாத நாளில்லை. அந்தக் கடல் இப்போது மாறி வருகிறது. அந்த மாற்றத்தின் சுமை எவருடைய முதுகில் இறங்குகிறது? இன்றைய பேச்சில் ஆராய விரும்புவது அதைத்தான்.

முதலில் ஊவாவின் பருவங்களை நோக்குவோம். மே மாதம் தொடக்கம் செப்டெம்பர் வரை வீசும் தென்மேற்குப் பருவக்காற்று இந்து சமுத்திரத்தின் ஈரத்தைச் சுமந்து வருகிறது. மஸ்கெலியா, நோர்வூட் முதலிய மேற்குச் சரிவுகளில் ஏறும்போது குளிர்ந்து, ஈரத்தையெல்லாம் மழையாக உதிர்த்துவிடுகிறது. பின்னர் மலைமுகட்டைக் கடந்து ஊவாவின் பக்கம் இறங்குகையில் வெம்மையும் வறட்சியும் உடையதாகிறது. கிழக்கிலங்கையார் கச்சான் என்று அழைக்கும் காற்று இதுவே. இந்த வறட்டுக் காற்றில் தேயிலைச் செடி வருந்துகிறது. அவ்வருத்தத்திலே கொழுந்தில் ஒரு தனி மணம் ஊறுகிறது. உலகச் சந்தையில் ஊவாத் தேயிலைக்குப் பெயர் தேடித்தந்தது யூலை முதல் செப்டெம்பர் வரையுள்ள இந்தப் பருவந்தான்.

ஊவாவுக்கு மழை வருவது பிறிதொரு திசையிலிருந்து. ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் வங்காள விரிகுடாவில் தோன்றும் தாழமுக்கங்களும், அவற்றைத் தொடரும் வடகீழ்ப் பருவக்காற்றும் கிழக்குச் சரிவுகளை நனைக்கின்றன. ஆகவே ஊவாவின் மணம் ஒரு கடற்காற்றாலும், ஊவாவின் நீர் மற்றொரு கடற்காற்றாலும் வருவன. இரண்டும் அளவோடு வந்தால் வாழ்வு. அளவு தப்பினால் துன்பம்.

இந்த அளவை நிர்ணயிப்பது எது? கடல் நீரின் வெப்பம் என்கிறார்கள் விஞ்ஞானிகள். 1904ஆம் ஆண்டில் இந்திய வானிலைத் துறையின் தலைமையை ஏற்ற கில்பேர்ட் வோக்கர், பருவமழை ஏன் பொய்க்கிறது என்று ஆராயப் புகுந்து, பசிபிக் சமுத்திரத்தின் மேலும் இந்து சமுத்திரத்தின் மேலும் காற்றழுத்தம் தராசுத் தட்டுப்போல ஏறியிறங்குவதைக் கண்டார். எல் நினோ என்று இன்று நாம் கேள்விப்படும் பசிபிக் வெம்மை இத்தராசோடு பிணைந்தது என்பது பின்னர் தெளிவாயிற்று. 1999ஆம் ஆண்டில் இந்திய, யப்பானிய ஆராய்ச்சியாளர்கள் நமது சமுத்திரத்துக்கே உரிய மற்றொரு தராசையும் வெளிப்படுத்தினர். சில ஆண்டுகளில் ஆபிரிக்கக் கரையோரக் கடல் வெம்மையுற, சுமத்திராக் கரையோரக் கடல் குளிர்கிறது. அத்தகைய ஆண்டுகளின் கடைசி மாதங்களில் இலங்கையில் மழை மிகுவது வழக்கம்.

இங்கே சரித்திரத்தின் ஒரு பக்கத்தைப் புரட்டவேண்டும். 1876ஆம் ஆண்டு சென்னை மாகாணத்தில் மழை பொய்த்தது. மறு ஆண்டில் பசிபிக் சமுத்திரத்தில் மிக வலிய எல் நினோ தோன்றியது. 1878 வரை நீடித்த அக்கொடிய பஞ்சத்தில் இலட்சக்கணக்கானோர் மாண்டனர். உயிர் தப்பியவர்களுட் பெருந்தொகையினர் மதுரை, திருநெல்வேலி, திருச்சிராப்பள்ளி, சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து கங்காணிமாரின் பின்னே நடந்து, கடல் கடந்து, இலங்கையின் கோப்பித் தோட்டங்களை அடைந்தனர். பஞ்சத்துக்கு வறட்சி மட்டும் காரணமன்று. தானியம் ஏற்றுமதியாவதைத் தடுக்காத ஆட்சியும், கூலிக்காரனைக் கைவிட்ட நிலவுடைமையும் காரணங்களே. எனினும் ஒன்றைச் சிந்தியுங்கள். தொலைதூரத்துச் சமுத்திரம் ஒன்று சூடேறியதால் ஏரி வறண்ட மக்களின் பேரப்பிள்ளைகளே, இன்று சமுத்திரங்கள் சூடேறுவதால் மலை சரியும் இடங்களில் வாழ்கின்றனர்.

சமுத்திரம் சூடேறுவது வெறும் அச்சுறுத்தற் பேச்சன்று. 1950 முதல் 2020 வரையான காலத்தில் வெப்பவலய இந்து சமுத்திரத்தின் மேற்பரப்பு பத்தாண்டுக்குச் சுமார் 0.12 செல்சியஸ் பாகை வீதம் வெம்மையுற்றதாகக் கணித்துள்ளனர். இது அற்பமான எண்ணாகத் தோன்றலாம். ஆனால் காற்று ஒரு பாகை வெம்மையுற்றால் அது தாங்கக்கூடிய நீராவி ஏறக்குறைய நூற்றுக்கு 7 பங்கு கூடுகிறது. பை பெரிதானால் கொட்டும் நீரும் மிகுதி. ஒரு மாதத்தில் பெய்யவேண்டிய மழை இரண்டு நாளில் கொட்டித் தீர்ப்பதும், பின்னர் நெடுநாள் வானம் வெளுத்துக் கிடப்பதும் இதனாலேயே அதிகரிக்கின்றன.

இனி லயத்துக்கு வருவோம். வறட்சி நீடித்தால் கொழுந்து துளிர்ப்பதில்லை. கொழுந்து இல்லையேல் வேலைநாள் குறைகிறது. குறித்த நிறை கொழுந்து சேராத நாளுக்கு அரைப்பேர் என்ற வழக்கத்தைத் தோட்டத்து மக்கள் அனைவரும் அறிவர். பீலியில் நீர் வற்றினால் குடத்தைத் தூக்கி நெடுந்தூரம் நடப்பவளும், விடியலில் பெரட்டுக்குப் போகவேண்டிய அதே பெண்ணே. மழை மிகுந்தாலோ மலையில் கால் வைக்க இயலாது. அட்டை கடிக்க, குளிரில் நடுங்க, அன்றும் கூலி குறைகிறது. சமுத்திரத்தின் வெப்பமானியில் ஏறும் பாகையைத் தோட்டத்துச் செக்குரோலிலும் வாசிக்கலாம்.

கூலி குறைவதோடு இத்துன்பம் நின்றிருந்தால் ஆறுதல் அடையலாம். 2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆம் திகதி காலை, கொஸ்லந்தைக்கு அருகேயுள்ள மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. பலர் உயிரோடு புதையுண்டனர். பள்ளிக்குச் சென்றிருந்த பிள்ளைகள் சிலர் திரும்பி வந்தபோது வீடும் இல்லை, பெற்றோரும் இல்லை. அவ்விடம் ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005ஆம் ஆண்டிலும் 2011ஆம் ஆண்டிலும் எச்சரித்திருந்தது. விஞ்ஞானம் தன் கடமையைச் செய்தது. ஆனால் எச்சரிக்கையைக் கேட்ட மனிதன் எங்கே போவான்?

இக்கேள்வியிலேதான் நியாயத்தின் பிரச்சினை அடங்கியிருக்கிறது. சொந்த நிலம் உள்ளவன் அதில் ஒரு பகுதியை விற்றேனும் வேறிடத்தில் ஒரு குடிசை போடுவான். லயத்தில் வாழ்பவருக்கோ காலடி மண்ணும் சொந்தமன்று, தலைக்கு மேலுள்ள தகரமும் சொந்தமன்று. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் இவர்களைப் பெரும்பாலும் நாடற்றவர்களாக்கிற்று. 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. எஞ்சியோரின் நாடற்ற நிலையை நீக்கும் சட்டம் 2003ஆம் ஆண்டிலேதான் வந்தது. 1975இல் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் நிர்வாகம் மீண்டும் கம்பனிகளிடம் சென்றது. தோட்டம் கை மாறிய போதெல்லாம் லயமும் அதனோடு சேர்ந்து கை மாறியது. அதில் வசிப்பவர் கைக்கு அது வரவில்லை. குடியுரிமை கிடைத்த பின்னும் குடியிருக்கும் உரிமை பெரும்பாலோருக்கு எட்டாக்கனியாகவே நின்றது.

2025ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் டித்வாப் புயல் இலங்கையை ஊடறுத்தபோது நாடெங்கும் 600 பேருக்கு மேல் மாண்டனர். கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்களில் மண்சரிவே பெருங்கொலைகாரனாயிற்று. தெமோதரை வழியே செல்லும் மலையகப் புகையிரதப் பாதையும் பல இடங்களில் சிதைந்தது. அவ்வாண்டில் எல் நினோ இருக்கவில்லை என்பதையும் சொல்லவேண்டும். கடலின் எல்லாச் செயலையும் ஒரே தராசில் நிறுத்துவிட இயலாது. அந்நாட்களில் எச்சரிக்கைகள் தமிழில் உரிய வேளையில் வந்து சேரவில்லை என்ற குறை பரவலாக எழுந்தது. புயல் மொழி பார்ப்பதில்லை. எச்சரிக்கையோ மொழியின்றிச் செல்வதில்லை. தனக்கு விளங்காத மொழியில் வரும் எச்சரிக்கை, வராத எச்சரிக்கைக்குச் சமமாகும்.

நேயர்களே, துயரத்தை மட்டும் சொல்லி விடைபெற நான் விரும்பவில்லை. நம்மால் ஆவன சில உண்டு. மண்சரிவு எச்சரிக்கைக்கு மூன்று படிகள் வகுத்துள்ளனர். 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்தால் விழிப்பாயிருக்கவேண்டும். 100 மில்லிமீற்றரானால் புறப்பட ஆயத்தமாகவேண்டும். 150 மில்லிமீற்றரானால், அல்லது ஒரே மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் பெய்தால், சரிவில் நிற்கலாகாது. முறையே மூன்று, நான்கு, ஆறு அங்குலம் என்று நினைவில் வைத்துக் கொள்ளலாம். அடி முதல் வாய் வரை ஒரே அகலமுள்ள தகரப் பேணி ஒன்றைத் திறந்த வெளியில் வைத்து, அடிமட்டத்தால் அளந்தாலே போதும். லயத்துக்கு ஒரு பேணி இருந்தால் அதுவே ஒரு சிறு வானிலை நிலையம். நிலத்தில் புதிய வெடிப்பு, சாயும் மரம், திடீரென்று பிறக்கும் ஊற்று, தெளிந்த ஊற்று கலங்குதல், காரணமின்றி இறுகும் கதவு ஆகியவற்றைக் கண்டால் மணியக்காரர் வந்து சொல்லட்டும் என்று காத்திராதீர்கள்.

மற்றொன்று. நமது தோட்டக் காரியாலயங்கள் பலவற்றில் மழை அளவைக் குறித்த பழைய ஏடுகள் உள்ளன. துரையின் கட்டளைப்படி ஒவ்வொரு காலையும் மழைமானியைப் பார்த்து எழுதியவை அவை. அவ்வேடுகளைப் பேணிக் காப்பதும், அவற்றை வாசிக்கத் தோட்டத்துப் பிள்ளைகளைப் பழக்குவதும் நம் பள்ளிக்கூடங்களின் கடமையாகும். மழையில் நனைபவன் ஒருவன், மழையை அளப்பவன் வேறொருவன் என்ற பிரிவினை நெடுங்காலம் நிலவிற்று. அது நீங்கவேண்டும்.

இயலுமா என்று ஐயுறுவோர் அன்னா மணி அம்மையாரை நினைக்கட்டும். 1918ஆம் ஆண்டு கேரளத்துப் பீர்மேட்டு மலையில் பிறந்த அவர், சி. வி. இராமனின் ஆய்வுகூடத்தில் பயின்றார். முதுமாணிப் பட்டம் இல்லை என்ற காரணத்தால் அவர் எழுதி முடித்த ஆய்வுக்குக் கலாநிதிப் பட்டம் மறுக்கப்பட்டது. அவர் தளரவில்லை. இந்திய வானிலைத் துறையிற் சேர்ந்து, ஏறத்தாழ நூறு வானிலைக் கருவிகளின் வரைபடங்களைச் செம்மைப்படுத்தி, அவற்றை நாட்டிலேயே செய்யும் நிலையை உண்டாக்கினார். பட்டம் மறுக்கப்பட்ட பெண்ணின் கருவிகளால் ஒரு தேசம் தன் மழையை அளந்தது. மலையில் பிறந்த மகள் வானத்தை அளக்கலாமென்றால், தெமோதரையில் பிறந்த மகளுக்கும் அது தகும்.

தெமோதரைப் புகையிரதம் வளைந்து சென்று, புறப்பட்ட இடத்துக்கு அடியிலேயே வந்து சேர்கிறது. நம் மக்களின் வரலாறும் அவ்வாறு வளைந்து, முன்னிலும் தாழ்ந்த இடத்தில் வந்து நிற்கவேண்டும் என்ற விதியில்லை. ஒரு பஞ்சத்தின்போது கடல் இவர்களை இம்மலைக்குக் கொண்டுவந்தது. இம்மலையில் பாதுகாப்பான ஒரு துண்டு நிலத்தைத் தம்முடையது என்று சொல்லும் உரிமையை இவர்களுக்கு அளிக்கவேண்டியது கடலன்று, நாம்.