ஆறாவது மைல்கல்

(கொல்கத்தாவில் ஸரஸ்வதி பூஜையன்று அங்கத்தினர் கூட்டத்தில் பேசியது)

 

நமக்கு அக்ஷராப்யாஸம் விஜயதசமியில். இங்கே வங்காளிகளுக்கு வஸந்த பஞ்சமியான இன்றுதான் 'ஹாத்தே கொரி'. பூஜைக்கு முன் இலந்தைப் பழம் சாப்பிட்டால் பரீட்சை தேறாது என்று என் பெண் பள்ளிக்கூடத்தில் கேட்டுக்கொண்டு வந்து, ஒரு வாரமாக வீட்டில் ஒருவரையும் பழத்தைத் தொடவிடவில்லை!

குழந்தைகளின் படிப்பைப் பார்த்துப் பெற்றோர் படும் பெருமையைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். கொல்கத்தாவில் நம்மவர்கள் இந்தப் பேச்சை எடுத்தால் சர் சி.வி. ராமனில்தான் தொடங்குவார்கள். 1907-ல் நிதித்துறை உத்தியோகத்துக்கு இங்கே வந்தவர், 1930-ல் நோபல் பரிசு பெற்றார். நான் சொல்லப்போவது வேறொருவரை, ஒரு வங்காளித் தகப்பனாரை.

அவர் பெயர் டாகுர்தாஸ் பந்தோபாத்யாய். கல்கத்தாவில் சொற்பச் சம்பளத்தில் வேலை. 1828-ல் தம் எட்டு வயதுப் பிள்ளையை பீர்சிங்க கிராமத்திலிருந்து படிப்புக்காக இங்கே நடத்தியே அழைத்து வந்தார். கிராமத்து வாத்தியாரும் கூட வந்தார். வழியில் அம்மிக்கல் மாதிரி ஒரு கல் நட்டிருக்க, இது என்ன என்று பையன் கேட்டான். மைல்கல், அதில் இங்கிலீஷில் 19 என்று எழுதியிருக்கிறது என்றார் அப்பா. ஒவ்வொரு கல்லாகப் பார்த்துக்கொண்டே வந்த பையன், பத்தாவது கல் வந்ததும் இங்கிலீஷ் எண்கள் எல்லாம் தெரிந்துவிட்டது என்றான். ஒன்பது, எட்டு, ஏழு, எல்லாம் சரியாகச் சொன்னான்.

நாமாக இருந்தால் அங்கேயே கை தட்டியிருப்போம். டாகுர்தாஸுக்கோ சந்தேகம். ஒன்பதுக்குப் பின் எட்டு என்று வரிசையை வைத்துச் சொல்கிறானோ? ஆறாவது கல்லைப் பையன் கண்ணில் படாமல் கடத்திவிட்டு, ஐந்தாவது கல்லைக் காட்டிக் கேட்டார். இது ஆறாக இருக்கவேண்டும், தவறி ஐந்து என்று எழுதிவிட்டார்கள் என்றான் பையன். தகப்பனாருக்கும் வாத்தியாருக்கும் ஏற்பட்ட ஆனந்தத்தைக் கேட்பானேன்! அந்தப் பையன்தான் ஈச்வரசந்திர வித்யாசாகர். இந்தச் சம்பவத்தைச் சுயசரிதத்தில் அவரே எழுதியிருக்கிறார். 1855-ல் அவர் எழுதிய 'வர்ண பரிசய'த்தை வைத்துத்தான் தலைமுறை தலைமுறையாக வங்கக் குழந்தைகள் அட்சரம் கற்றார்கள்.

எனக்கு அந்த ஆறாவது கல்தான் முக்கியமாகப் படுகிறது. யு.கே.ஜி. படிக்கும் என் பிள்ளை, வந்தவர்கள் முன்னால் ஏ முதல் இஸட் வரை ஒரே மூச்சில் ஒப்பிப்பான். 'கே'க்கு அப்புறம் என்னடா என்றால் மறுபடி ஏ-யிலிருந்து தொடங்குவான்! சின்னவன், போகட்டும்.

பெண்ணுக்கு எட்டு வயது. ராஷ்பிஹாரி அவென்யூ நடைபாதையில் வாங்கிய வாய்ப்பாட்டுப் புத்தகத்தில் 'பன்னிரெட்டு 98' என்று அச்சாகியிருந்தது. அவள் தப்பு என்றாள். "அச்சிட்டவனுக்குத் தெரியாதா? ஒழுங்காகப் படி" என்றார் இவர். அவள் வாதாடவில்லை. பன்னிரேழு 84, அதோடு 12 கூட்டினால் 96 என்று ஸ்லேட்டில் போட்டு, அப்பாவின் காபி டம்ளருக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு விளையாடப் போய்விட்டாள். ரிப்போர்ட் கார்டில் அவளுக்குக் கணக்கில் ஒன்றும் நூறு இல்லை. அந்த ஸ்லேட்டை மட்டும் இரண்டு நாள் நான் அழிக்கவிடவில்லை. வேலைக்கு வரும் மாஷிக்குக்கூடக் காட்டினேன்.

இன்னும் சற்று நேரத்தில் நம் குழந்தைகள் மேடையேறி ச்லோகமும் வாய்ப்பாடும் சொல்லப் போகிறார்கள். தாராளமாகக் கை தட்டுங்கள். பிரசாதம் கொடுக்கும்போது, பயமுறுத்தாமல், நடுவிலிருந்து ஒன்று கேட்டுப் பாருங்கள். இலந்தைப் பழமும் தயாராக இருக்கிறது. இனிமேல் சாப்பிடலாமாம், என் பெண் அனுமதி கொடுத்துவிட்டாள்.