விஷமில்லாத பாம்புதானே?

பாங்காக்கிலிருந்து சென்னை வந்திறங்கிய பயணியின் பெட்டிக்குள் மலைப்பாம்புக் குட்டிகள் என்ற செய்தி இப்போது நமக்குப் பழகிவிட்டது. பெரும்பாலும் 'பால் பைத்தான்' என்ற ஆப்பிரிக்க இனம். "விஷமில்லாததுதானே, ஆசைக்கு வளர்த்தால் என்ன?" என்று கேட்பவர்களும் உண்டு.

இறக்குமதியின் ஆபத்தை எடைபோடுகிறவர்களுக்கு விஷம் பெரிய விஷயமில்லை. தப்பினால் இந்தத் தட்பவெப்பத்தில் பிழைக்குமா? எவ்வளவு பெருகும்? தேடினால் கண்ணில் படுமா? உடம்புக்குள் எதைச் சுமந்து வருகிறது? அவர்கள் கேட்பது இதைத்தான்.

ஸ்பெயினைச் சேர்ந்த கிரான் கனேரியா, பூர்விகமாகப் பாம்பே இல்லாத தீவு. செல்லப்பிராணியாக வந்து தப்பிய கலிபோர்னியா கிங்ஸ்னேக்குக்கு விஷமும் இல்லை, பெரிய உருவமும் இல்லை. ஆனால் அது பரவிய இடங்களில், அத்தீவுக்கே உரிய பெரிய பல்லிகள் அநேகமாக இல்லாமலே போய்விட்டன.

ஃபுளோரிடா கதை இன்னும் பெரிது. அங்கே எவர்கிளேட்ஸ் சதுப்பு நிலத்தில் பர்மிய மலைப்பாம்பு குடும்பம் குடும்பமாகப் பெருகியது. 2012-இல் வெளியான ஆய்வின்படி, இரவில் சாலையோரம் ரக்கூன்கள் கண்ணில் படுவது 99 சதவீதம் குறைந்திருந்தது. இறக்குமதித் தடையும் அதே ஆண்டில்தான் வந்தது. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்!

தேடிப் பிடிக்கலாமே என்றால், பக்கத்தில் கிடந்தாலும் அந்தப் புல்லில் அது தெரியாது. 2017-இல் நம் இருளர்கள் மாசி சடையனும் வடிவேல் கோபாலும் அங்கே போனார்கள். தடம் பார்த்து, எச்சம் பார்த்து, நான்கு வாரத்துக்குள் 27 பாம்புகளைப் பிடித்தார்கள். 2023-இல் இருவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது. அப்பேர்ப்பட்ட கண்களாலும் அந்தச் சதுப்பு நிலத்தைக் காலி செய்ய முடியாது.

அதைவிடக் கலங்க வைப்பது, அந்தப் பாம்பின் நுரையீரலில் ஒட்டி வந்த ஓர் ஆசிய ஒட்டுண்ணி. அது உள்ளூர்ப் பாம்புகளுக்கும் தொற்றிவிட்டது. மலைப்பாம்பு இன்னும் எட்டாத பகுதிகளுக்கும் போய்விட்டது. கடத்திவரும் குட்டியை எந்தத் தனிமைக் கூடத்தில் வைத்துச் சோதிப்பது?

நம் நாட்டில் 2022-இல் திருத்தப்பட்ட வனவிலங்குச் சட்டம், 'சைட்டிஸ்' உடன்படிக்கைப் பட்டியலில் உள்ள விலங்குகளை வளர்ப்பவர்கள் பதிவு செய்ய வேண்டும் என்கிறது. நல்லதுதான். ஆனால் அந்தப் பட்டியல் வணிகத்தால் இனங்கள் அழியாமல் காக்க உருவானது. வந்த இடத்தை அழிக்கும் இனங்களுக்காக அல்ல. பால் பைத்தான் அதில் உண்டு, கிங்ஸ்னேக் இல்லை. அயல் ஊடுருவல் இனங்களைத் தடுக்க அதே சட்டத்தில் தனிப் பிரிவு இருக்கிறது. அதன்கீழ் செல்லப் பாம்புகளுக்கென்றே ஒரு தடைப்பட்டியல் வேண்டும் என்பேன். கிங்ஸ்னேக்கின் பெயரை முதலில் எழுதலாம்.